கதைதானே!

நம் பத்திரிகைகளில் விஞ்ஞானக் கதைகளைப் பாராட்டுவதற்கென்றே ஒரு வாசகம் இருக்கிறது. "அன்றைக்கே சொன்னார், இன்றைக்குப் பலித்துவிட்டது" என்பதுதான் அது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, கதை நடக்கும் 2020கள் வெகு தூரத்தில் இருந்தன. அந்த வருஷங்கள் வந்ததும் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். இது ஜாதகம் பார்க்கிற புத்தி. இலக்கியம் பார்க்கிற புத்தி அல்ல. இரண்டெழுத்துக்கு மேல் யாருக்கும் பெயர் கூடாது, பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும் என்று சுஜாதா ஒரு நாட்டை அமைத்தார். அந்த ஆட்சி எதனால் நிற்கிறது, எந்த இடத்தில் விரிசல் விடும், அதில் அகப்பட்ட மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று கேட்டால் அது விமரிசனம். அப்படி ஒரு சட்டம் நிஜமாக வந்ததா என்று கேட்பது விமரிசனம் அல்ல.

விஞ்ஞானக் கதைக்கு நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஆசிரியன் முதலில் எந்தப் பொய்யை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். சொன்ன பிறகு அந்தப் பொய்க்கு அவன் கட்டுப்பட வேண்டும். கட்டுப்படுகிறானா என்று பார்க்கும் வேலை வாசகனுடையது.

அமெரிக்காவில் இந்த வாசகன் உருவான விதம் சுவாரசியமானது. 1926-ல் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் தொடங்கிய 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகை, வாசகர் கடிதங்களை அவர்களுடைய முழு விலாசத்தோடு அச்சிட்டது. ஒருவர் கடிதத்தைப் படித்த இன்னொருவர் நேராக அவருக்கே எழுதினார். கடிதம் நட்பாயிற்று, நட்பு சங்கமாயிற்று, 1939-ல் நியூயார்க்கில் முதல் உலக மகாநாடே கூடிவிட்டது. வந்தவர்கள் இருநூறு பேர் இருப்பார்கள். பத்தொன்பது வயது ஐசக் அஸிமோவ் அவர்களில் ஒருவர். அதாவது மகாநாட்டைப் பெற்றெடுத்தவர்கள் ஆசிரியர்கள் அல்ல, வாசகர்கள்.

அந்த வாசகர்களின் சுபாவத்துக்கு ஓர் உதாரணம் போதும். லாரி நிவென் 1970-ல் 'ரிங்வேர்ல்ட்' என்ற நாவலை எழுதினார். ஒரு சூரியனைச் சுற்றி வளையல் போல ஒரு பிரம்மாண்டமான உலகம். 1971-ல் பாஸ்டன் மகாநாட்டில் அதற்குத்தான் அந்த வருஷத்து ஹியூகோ பரிசு. அதே மகாநாட்டில் எம்.ஐ.டி. மாணவர்கள், "அந்த வளையம் நிலையாக நிற்காது!" என்று கோஷம் போட்டுக்கொண்டு ஹோட்டல் தாழ்வாரங்களில் திரிந்தார்கள். அவர்கள் சொன்னது சரி. அப்படிப்பட்ட வளையம் கொஞ்சம் நகர்ந்தாலும் மேலும் மேலும் விலகி, கடைசியில் சூரியன் மேலேயே போய் மோதும். நிவென் கோபித்துக்கொள்ளவில்லை. வளையத்தின் விளிம்பில், அதை நிலைநிறுத்தும் எந்திரங்களை வைத்து இரண்டாவது நாவலை எழுதினார். ஒரு கேள்வியிலிருந்து ஒரு நாவல் பிறந்தது.

இவ்வளவும் என் மனசில் ஓடியதற்குக் காரணம், புதுக்கோட்டையில் விஞ்ஞானக் கதைகளுக்கென்று நடந்த ஒரு சிறு கூட்டம். மகாநாடு என்று சொல்ல ஆள் போதாது. கீழ ராஜ வீதியை ஒட்டிய ஒரு மாடியில் ஐம்பது நாற்காலி, முக்கால்வாசி நிரம்பியிருந்தது. பொன்னாடைகளும் வாழ்த்துரைகளும் முடிந்த பிறகு ஓர் இளைஞர் தம் கதையை வாசித்தார். விண்வெளிக் கப்பலில் தனியாகப் பயணம் செய்யும் ஒரு பெண், கார்த்திகையன்று அம்மாவை நினைத்து ஓர் அகல் ஏற்றுகிறாள். சுடர் எழும்பி அசைகிறது. அவள் அழுகிறாள். நல்ல கைதட்டல்.

பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை எழுந்தார். "தம்பி, அந்தக் கப்பலில் எடையே கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் சுடர் எப்படி எழும்பும்? சூடான காற்று இலேசாகி மேலே போகிறதால்தானே சுடர் கூம்பி நிற்கிறது? அங்கே மேல் ஏது, கீழ் ஏது? சுடர் உருண்டையாக, நீலமாக அல்லவா இருக்கும்!"

இளைஞர் வாயைத் திறப்பதற்குள் தலைவர் குறுக்கிட்டார். "விடுங்க டீச்சர், கதைதானே!" சபை சிரித்தது. ஆசிரியை உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை. அந்த அம்மாள் குற்றம் சொல்லவில்லை. கதைக்கு இல்லாத உயிரைக் கொடுத்தார். எழும்பி அசையும் சுடர் நம் எல்லோர் வீட்டுத் திண்ணையிலும் இருக்கிறது. ஊரை விட்டு, மண்ணின் இழுப்பையே விட்டுப் போன ஒரு பெண், அம்மா ஏற்றிய மாதிரியே விளக்கு ஏற்றுகிறாள். எரிவதோ அம்மா பார்த்தேயிராத ஒரு நீலப் பந்து. அவள் இழந்தது என்ன என்பதை அதைவிட எந்த வார்த்தை சொல்லும்? விஞ்ஞானம் கவிதையைக் கெடுக்கும் என்று பயப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அங்கே கவிதையைக் கெடுத்தது விஞ்ஞானம் அல்ல. "கதைதானே" என்ற ஒரு சொல்.

அந்தச் சொல் பெருந்தன்மை போலத் தோன்றும். உண்மையில் அது அவமரியாதை. கதையை நம்பி, அதற்குள் போய் நின்று பார்த்தவருக்கு மட்டுமே அப்படி ஒரு கேள்வி தோன்றும். கைதட்டுவதற்குக் கதையைக் கேட்டிருக்கக்கூட வேண்டியதில்லை.

தமிழில் விஞ்ஞானக் கதை செழிக்காததற்கு எழுத்தாளர்கள் குறைவு, பத்திரிகைகள் இடம் தருவதில்லை என்று பல காரணங்கள் சொல்வார்கள். கேள்வி கேட்கும் வாசகரை உட்காரச் சொல்லிவிடுகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஆசிரியைகள் இல்லாமல் இல்லை. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துப் படித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்த ஜில்லா இது. சின்ன ஊரில் இதெல்லாம் நடக்குமா என்றும் கேட்க வேண்டாம். 1947-ல் முருகு சுப்பிரமணியன் 'பொன்னி'யைத் தொடங்கியது இதே புதுக்கோட்டையில்தான். 'பாரதிதாசன் பரம்பரை' என்று ஒரு தலைமுறைக் கவிஞர்களை அந்தப் பத்திரிகை நாட்டுக்குக் காட்டியது.

பரம்பரை என்பது எழுதுகிறவர்களால் மட்டும் உண்டாவதில்லை. அடுத்த கூட்டத்தில் பொன்னாடைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைப் பின்வரிசைக்குக் கொடுத்துப் பார்க்கட்டும்.