குரலும் பணியும்

சமயப் பேச்சாளர் ஒருவர் ஒலிவாங்கியைக் கையிலெடுக்கும்போது இரண்டு ஆற்றல்கள் அவரிடத்தில் சேர்கின்றன. ஒன்று, சமயத்தின் பெயரால் மக்கள் வைக்கும் நம்பிக்கை. மற்றொன்று, கருவியின் வழியே குரல் எட்டும் தொலைவு. இச்சேர்க்கையின் நன்மையையும் இடரையும் ஒருங்கே காண விரும்புவோர், கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பரின் பொதுவாழ்வை ஆராய்தல் தகும்.

குமரி மாவட்டத்தவரான அவர் 1990களின் பிற்பகுதியில் மணிலாவிலுள்ள வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பிரிவை நடத்தினார். 1969இல் தொடங்கிய வேரித்தாஸ், 1986இல் மார்க்கோஸ் ஆட்சிக்கெதிராக மக்களைத் தெருவுக்கு அழைத்த குரலாகும். அங்கிருந்து சிற்றலையில் வந்த தமிழ் ஒலிபரப்பு, போரில் சிக்கிய ஈழத்து வீடுகளுக்கு ஆறுதலாயிற்று. போராளி இயக்கத்தின் பக்கம் சாய்ந்தவர் என்ற குற்றச்சாட்டும் அவரைத் தொடர்ந்தது.

தாயகம் திரும்பி அவர் நிறுவிய தமிழ் மையம், 2005இல் இளையராஜாவின் இசையில் திருவாசகத்தை வெளியிட்டது. புடாபெஸ்ட் இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதினார். சைவத் திருமுறையைக் கத்தோலிக்கர் கையாளலாமா என வினவியோர் உண்டு. அவ்வினா நமக்குப் புதிதன்று. மனோன்மணியை அழைத்துக் கண்ணி பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபையும், காப்பிய மரபில் நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடிய உமறுப் புலவரையும் பெற்ற சமுதாயம் நாம். 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பும் கிறிஸ்தவரே. தமிழில் பக்தியின் மொழி வேலியிட்ட தோட்டமன்று. ஆகவே இம்முயற்சியை அவருடைய பணிகளுள் தலையாயதாகக் கொள்ளலாம்.

குறை வேறிடத்தில் உள்ளது. 2007இல் கனிமொழியுடன் இணைந்து அவர் தொடங்கிய சென்னை சங்கமம், பறையும் கரகமும் ஒயிலும் ஆடிய கிராமியக் கலைஞர்களை மாநகரின் பூங்காக்களுக்கு அழைத்து வந்தது. அது நற்பணியே. ஆயினும் அதன் வேர் ஆளுங்கட்சியின் நிழலில் ஊன்றியிருந்தது. 2010 டிசம்பரில், 2ஜி விசாரணையின்போது, மத்தியப் புலனாய்வுத் துறை தமிழ் மையத்தில் சோதனையிட்டது. அவ்வழக்கில் அவர் குற்றஞ்சாட்டப்படவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டோரையும் 2017இல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. எனினும் 2011இல் ஆட்சி மாறியதும் சங்கமம் நின்றது. 2023இல்தான் அரசே அதனை மீண்டும் எடுத்து நடத்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த மேடையை இழந்தவர்கள், எந்தக் கட்சியையும் சாராத பறைக் கலைஞர்களும் கரகக் கலைஞர்களுமே அல்லவா?

ஆற்றல் மிக்க ஒரு தனி மனிதரின் செல்வாக்கை மட்டும் நம்பி எழுப்பப்படும் பணி, அச்செல்வாக்கோடு சாய்கிறது. இதனை அவர் ஒருவருடைய குறையாக நாம் ஒதுக்கிவிடலாகாது. கடையநல்லூரிலும் சுற்றூர்களிலும் மீலாது மேடைப் பேச்சாளரைக் குரலின் இனிமையால் எடைபோட்டுப் பழகியோர் நம்மிடையே பலர். அவர் எழுப்பிய நிதிக்குக் கணக்கு எங்கே, அவருக்குப் பின் அப்பணியை நடத்துவோர் யார் என்று கேட்போர் சிலரே. அவ்வாறு கேட்பதை அவமதிப்பாகக் கருதும் வழக்கமும் உண்டு.

திருவாசக இசை ஒலித்தட்டில் நிலைபெற்றது; ஆட்சி மாற்றம் அதனை அழிக்கவில்லை. சங்கமமோ ஆட்சியின் ஆயுளையே தன் ஆயுளாகப் பெற்றது. ஒரே கையால் எழுந்த இவ்விரு பணிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், மேடையேறும் எவரிடத்தும், அவர் எம்மதத்தவராயினும், கேட்கவேண்டிய கேள்விகளைத் தாமே கண்டுகொள்வர்.