மேதைமை பரம்பரைச் சொத்தா?

கல்வியில் வெற்றி பிறவி அறிவாலா, உழைப்பாலா? பிரான்சிஸ் கால்ட்டன் 1869-இல் வெளியிட்ட ‘பரம்பரை மேதைமை’ என்னும் நூல் முதல் விடையையே ஆதரித்தது. நீதிபதிகள், அரசியல் தலைவர்கள், விஞ்ஞானிகள் ஆகியோரின் நெருங்கிய உறவினரிடையே புகழ்பெற்றோர் மிகுதி என்று அவர் கணக்கெடுத்துக் காட்டினார்.

வெறும் ஊகத்தை விட்டு எண்ணிப் பார்த்தது நூலின் சிறப்பு. குறை, அவர் கண்ட முடிவில் இருக்கிறது. நீதிபதியின் மகனுக்குத் தந்தையின் இரத்தம் மட்டுமா கிடைத்தது? பணம், பள்ளி, செல்வாக்கு எல்லாம் சேர்ந்தே வந்தன. சோதனைச்சாலையில் இரு காரணிகளை ஒருசேர மாற்றிவிட்டு, விளைவுக்கு ஒன்றையே காரணமாகக் கூறினால் நீங்கள் ஏற்பீர்களா?

மைக்கேல் பாரடே கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியபோது, அங்கு வந்த நூல்களைப் படித்து மின்சாரத்தில் ஆர்வம் கொண்டார். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். அந்த நூல்கள் அவர் கைக்கு எட்டாதிருந்தால்?

கால்ட்டனின் உறவினரான டார்வின், இந்நூல் தம் கருத்தை ஓரளவு மாற்றியதாக ஒப்புக்கொண்டார். ஆயினும் ஆர்வமும் உழைப்புமே மிக முக்கியமான வேறுபாடு என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று இன்றைய அறிவியலும் கூறவில்லை. ஆனால், தேர்வில் தவறிய மாணவனைப் பார்த்து “உனக்கு மூளை இல்லை” என்று தீர்ப்புக் கூற இந்நூல் சான்றாகாது. அவனுக்கு என்ன புத்தகம் கிடைத்தது, படிக்க எவ்வளவு நேரம் கிடைத்தது என்று முதலில் கேளுங்கள்.