மரண அறிவித்தல் என்னும் பிரதி

குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு வீரகேசரியின் பழைய மரண அறிவித்தல்கள் தகவல் சுரங்கம். எனக்கு அவை வாசிக்கப்பட வேண்டிய பிரதி. பிறப்பிடம், வதிவிடம் என்று தொடங்கி, காலஞ்சென்ற இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மைத்துனி என உறவு முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற வாக்கியம். 1983க்குப் பின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிகள் பெருகின: கனடா, லண்டன், பிரான்ஸ். சிதறிப்போன ஒரு சமூகத்தின் வரைபடம்தானே இது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்ட பிறகு இந்தத் துண்டுகளின் பெறுமதி இன்னும் கூடிவிட்டது.

சரி, ஆனால் இங்கே யார் இல்லை? விளம்பரத்துக்குக் காசு வேணும். கூலிக்காரரின் சாவு பெரும்பாலும் பத்திரிகைக்கு வருவதில்லை. ஆணுக்கு ‘ஓய்வுபெற்ற தபாலதிபர்’ என்றொரு வாழ்க்கை உண்டு. பெண்ணுக்கோ பெரும்பாலும் உறவுமுறைகள் மட்டும்தான். சாதியை யாரும் அச்சிடுவதில்லை, ஊரும் மயானமும் தெரிந்தவருக்கு அதைச் சொல்லிவிடும்.

இதைவிடக் கனமான மௌனம் ஒன்றும் உண்டு. 2009இல் போர் முடிந்தபோது கையளிக்கப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பலர் மரணச் சான்றிதழையே வாங்க மறுத்தார்கள். அவர்களால் ‘காலமானார்’ என்று எப்படி எழுத முடியும்? வம்சாவளி வரைகிறவர் அந்தப் பெயர்களுக்கு எதிரே தேதி போடாமல் விடட்டும்.