எடைக்கும் கிணற்றுக்கும் இடையே நம் நூல்கள்

நூல் விமரிசனம் என்றால் புதிதாய் வெளிவந்த ஒரு நூலை எடுத்துக்கொண்டு அதன் நிறைகுறைகளைக் கூறுவது என்றே நம்மிடையே பலரும் கருதுகின்றனர். அந்நூல் ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்பார் அரியர். ஆயினும் ஒரு சமுதாயத்தின் இலக்கிய வாழ்வை அளந்தறிய விரும்புவோர் புதுநூல் விற்கும் கடைக்குச் செல்வதோடு நின்றுவிடலாகாது. பழைய நூல்கள் குவிந்து கிடக்கும் இடத்திற்கும் சென்று பார்க்க வேண்டும். மக்கள் எதை வாங்கினார்கள், எதைக் கையழுக்குப் படியப் படித்தார்கள், எதைக் கைவிட்டார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

சவ்வாது மலையடிவாரத்தில், வேலூருக்கும் ஆரணிக்கும் இடையே உள்ள கண்ணமங்கலம் போன்ற ஊர்களில் ‘பழைய புத்தகக் கடை’ என்று பெயர்ப்பலகை மாட்டிய கடையைத் தேடுவது வீண் முயற்சி. பழைய பேப்பர் கடையே அங்குப் பழைய புத்தகக் கடையுமாகும். இரும்புத் துண்டுகளும் காலிப் புட்டிகளும் ஒருபுறம் கிடக்க, மறுபுறம் தாள் கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். நூலுக்குத் தனி விலை கிடையாது, எடைக்குத்தான் விலை. அட்டை தடித்திருந்தால் எடை கூடும் என்பதைத் தவிர நூலின் பெருமை அங்கே கணக்கில் வராது. கடைக்காரரைக் கேட்டால் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்வார். கிழிந்ததை இலவசமாகவே தந்துவிடுவோரும் உண்டு.

இத்தகைய குவியல்களை நாம் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறோம். பள்ளிப் பாடநூல்களும் தேர்வு வழிகாட்டிகளும் மிகுதி. ராணிமுத்து நாவல்கள் உண்டு. வார இதழ்களிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து பெயரெழுதி வைத்த கட்டுகள் உண்டு. யாரோ ஓர் இல்லத்தரசி ஆண்டுக்கணக்கில் அருமையாய்ச் சேர்த்தவை அவை. சோதிடம், பக்தி, சமையல், அரசியல் என எல்லாம் உண்டு. ஆனால் இஸ்லாமியத் தமிழ் நூல் ஒன்று அகப்படுவது அரிதினும் அரிது. இப்பகுதியில் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்துவருகின்றனர். அருகே வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து மார்க்க அறிஞர்களை உருவாக்கி வருகிறது. திருக்குர்ஆனைத் தமிழில் தந்த ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் பெயரிலேயே அக்கல்லூரியின் முத்திரை இருக்கிறது. அவ்வாறிருக்க, இக்குவியல்களில் நம் நூல்கள் இல்லாமற்போனது ஏன்?

நம்மவர் நூல் வாங்குவதில்லை, அதனால் நூல் இல்லை என்று எளிதாய் விடை கூறுவோர் உளர். இவ்விடையை நாம் ஏற்பதற்கில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842-இல் அச்சேறியது. காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம், ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கி அதனைப் பதிப்பித்தார். உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887-இல். அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஒரு காப்பியத்தை அச்சிட்டு வாங்கிப் படித்த சமுதாயம் நம்முடையது. மாலை, கிஸ்ஸா, முனாஜாத்து, மஸலா, படைப்போர், நொண்டி நாடகம் என்று எத்தனை வகை நூல்கள் இயற்றப்பட்டன என்பதைப் பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்களும் பீ.மு. அஜ்மல்கான் அவர்களும் எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளைப் புரட்டினால் அறியலாம். நூல் இருந்தது, வாங்குவோரும் இருந்தனர். அது போன வழியைத்தான் நாம் காணவேண்டும்.

நம் இல்லங்களிலிருந்து பழைய நூல்கள் வெளியேறும் வழிகள் இரண்டு. ஒன்று தராசுத்தட்டு, மற்றொன்று கிணறு.

முதல் வழியை விளக்க வேண்டுவதில்லை. இரண்டாம் வழி நமக்கே உரியது. திருக்குர்ஆன் பிரதிகள் பழுதடைந்தால் அவற்றைக் குப்பையில் எறிதல் கூடாது. கண்ணியமாய்ப் புதைத்தோ ஓடும் நீரிலோ பாழுங்கிணற்றிலோ சேர்த்தோ விடுவது வழக்கம். இப்பேணுதலில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆனால் அக்கட்டுகளுக்குள் வேறு எவை சேர்ந்துவிடுகின்றன என்பதே நம் கேள்வி.

அரபுத் தமிழ் என்பது அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி நம் முன்னோர் அமைத்துக்கொண்டது. தமிழ் எழுத்தைக் கற்கும் வாய்ப்பில்லாத பெண்மக்கள் ஓதப் பழகிய அரபு எழுத்தைக்கொண்டே தமிழ் படித்தனர். சட்டமும், நல்லொழுக்கமும், மருத்துவமும், பாட்டும் அவ்வெழுத்திலேயே அவர்களைச் சென்றடைந்தன. கல்லச்சில் பதிக்கப்பட்ட அந்நூல்கள் ஒரு காலத்தில் வீட்டுப் பெட்டிகளில் இருந்தன. இன்று அப்பெட்டியைத் திறக்கும் பேரன் அவ்வெழுத்தைக் காண்கிறான். ஓதிப் பார்க்கிறான், பொருள் விளங்கவில்லை. அரபி என்றெண்ணிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பழைய குர்ஆன் தாள்களோடு கட்டி வைத்துவிடுகிறான். அவனுடைய பாட்டியார் பேசிய தமிழ் அது என்று சொல்வார் அருகில் எவருமில்லை.

வட ஆர்க்காட்டுப் பகுதியில் இச்சிக்கல் இன்னும் ஒரு மடங்கு கூடுகிறது. இங்கு உருது பேசும் முஸ்லிம்களும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் கலந்து வாழ்கின்றனர். ஒரே பெட்டியில் அரபிக் கிதாபும், உருது நூலும், அரபுத் தமிழ் நூலும் இருத்தல் கூடும். மூன்றும் வலமிருந்து இடமாய் எழுதப்பட்டவை. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுபவை. தமிழ்வழியிலோ ஆங்கிலவழியிலோ பயின்ற இளைஞனுக்கு மூன்றும் ஒன்றே. அவன் காட்டும் மரியாதையும் ஒன்றே. படிக்கத் தெரியாத மரியாதை நூலைக் காப்பதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த இழப்பன்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையர், பழுதுபட்ட ஏடுகளைச் சாத்திர முறைப்படி நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டதாகக் கேட்டு மனம் வருந்தியதைத் தம் எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். அங்கே நெருப்பு, இங்கே நீரும் மண்ணும். இரண்டிடத்தும் செய்தவர்கள் பக்தியோடுதான் செய்தார்கள். இன்னொரு படி கிடைக்காத நூல் அதனுள் இருந்ததா என்று எடுத்துப் பார்ப்பதற்கு மட்டும் ஆளில்லை.

அரிய நூல்களை இன்று மறுபதிப்புச் செய்கிறார்களே, பழைய படி எதற்கு என்று ஒரு வாதம் எழலாம். மறுபதிப்புகள் வரவேற்கத்தக்கவை. ஆயினும் அவற்றுட் பலவற்றின்மீது நமக்கு ஒரு குறை உண்டு. பழைய பதிப்பின் முகப்பேட்டில் நூலாசிரியர் பெயரோடு, பொருளுதவி புரிந்த வள்ளலின் பெயரும், பார்வையிட்ட ஆலிமின் பெயரும், அச்சுக்கூடத்தின் பெயரும், ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். உள்ளே சாற்றுகவிகள் இருக்கும். அவற்றைப் பாடியவர்களுள் பிற சமயப் புலவர்களும் இருப்பதுண்டு. ஒரு மார்க்க நூலைப் பிற சமயத்துப் புலவர் வாழ்த்திப் பாடினார் என்னும் வரலாற்றுச் செய்திக்கு அப்பக்கமே சான்று. மறுபதிப்பாளர் சிலர் தாள் செலவை எண்ணி இவற்றை நீக்கிவிட்டு நூலை மட்டும் தருகின்றனர். நூல் பிழைக்கிறது, அந்நூலைச் சூழ்ந்திருந்த சமுதாயம் மறைந்துபோகிறது. பழைய படியின் ஓரங்களில் படித்தவர் எழுதிய குறிப்பும், முன்னட்டையின் உட்புறம் குறித்துவைத்த பிள்ளையின் பிறந்த நாளும் எம்மறுபதிப்பிலும் வாரா.

நூலகங்கள் காக்குமே என்பது மற்றொரு வாதம். சென்னைக் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் அதற்குச் செல்ல வேண்டும். ஆனால் அச்சட்டம் அதற்குப்பின் வந்த நூல்களுக்கே பொருந்தும். அதற்கு முன்னர், சிற்றூர் அச்சகத்தில் ஒரு திருமணத்தையோ நினைவு நாளையோ முன்னிட்டுச் சில நூறு படிகள் அச்சிட்டு வழங்கிய நூல் இல்லங்களில் மட்டுமே இருந்தது. இல்லம் கைவிட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

பழைய புத்தகக் கடை இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. 1900-இல் திறக்கப்பட்ட சென்னை மூர் மார்க்கெட், ஏழை மாணவனுக்கும் ஆராய்ச்சியாளனுக்கும் ஒருங்கே நூலளித்த இடம். 1985 மே 30-ஆம் நாள் அது தீக்கிரையானபோது எரிந்த தாள்களின் கணக்கை எவரும் எடுத்திலர். அத்தகைய கடைகளின் அருமையை உணர்ந்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராய் வாழ்க்கையைத் தொடங்கிய அவர், பிறர் வேண்டாமென்று கழித்த நூல்களையும், இதழ்களையும், துண்டுப் பிரசுரங்களையும்கூடச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களும் தாள்களும் அவர் சேகரிப்பில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கியது. 1994-இல் அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பெருஞ்செல்வரல்லாத ஒரு தனிமனிதர் செய்த பணி இது. ஊர்தோறும் ஜமாஅத்தும் மத்ரஸாவும் கொண்ட நம் சமுதாயம் ஒன்றுகூடிச் செய்ய இயலாதா?

இலவச நூல் என்பதும் நமக்குப் புதிதன்று. ‘வக்ஃபு செய்யப்பட்டது’ என்று முகப்பில் எழுதி நூலைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தல் நம் மரபு. மறைந்தோர் நினைவாக யாஸீன் ஏடுகளையும் துஆத் தொகுப்புகளையும் அச்சிட்டு இலவசமாய் வழங்குவோர் இன்றும் உளர். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தருமம் அது. எனினும் ஒரே ஏடு ஒரே வீட்டில் பத்துப் படிகளாய்ச் சேர்வதையும், படிகள் மிகுந்தபின் அவையும் கிணற்றுக் கட்டுகளில் ஏறுவதையும் நாம் காண்கிறோம். அச்செலவில் ஒரு பகுதியைக் கொண்டு கைவிடப்பட்ட ஒரு பழைய நூலை முகப்பேடும் சாற்றுகவியும் கெடாமல் அச்சிட்டு, மறைந்தவர் பெயரால் வழங்கினால் அந்நினைவு இன்னும் நெடுங்காலம் நிலைக்குமன்றோ!

நாம் வேண்டுவது பெரிய திட்டம் எதுவுமன்று. ஒவ்வோர் ஊர்ப் பள்ளிவாசலிலும் பழைய தாள்களைச் சேர்க்கும் பெட்டியின் அருகே ஓர் அலமாரி இருக்கட்டும். கட்டுகளைப் புதைக்கவோ நீரில் விடவோ எடுத்துச் செல்லுமுன், அரபியும் உருதுவும் அரபுத் தமிழும் வேறுபடுத்தி அறியக்கூடிய ஆலிம் ஒருவர் ஒருநாள் அமர்ந்து பார்க்கட்டும். குர்ஆன் தாள்கள் அவற்றுக்குரிய மரியாதையோடு செல்லட்டும். ஏனையவை அலமாரிக்கு வரட்டும். அவற்றின் முகப்பேட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள ஓர் இளைஞன் போதும். அரியது என்று தோன்றுவதை ஆராய்ச்சி நூலகத்திற்கு அனுப்பலாம். மற்றவற்றை விரும்பியவர் எடுத்துச் செல்ல விடலாம். பழைய பேப்பர் கடைக்காரரிடமும் ஒரு சொல் சொல்லி வைக்கலாம். எடைக்கு மேல் ஐந்து பத்து ரூபாய் சேர்த்துக் கொடுப்போர் உண்டு என்று தெரிந்தால், பழைய நூலைத் தனியே எடுத்துவைக்க அவர் தயங்கமாட்டார்.

நம் பெற்றோரின் பெட்டிகளைத் திறக்கும் முறை நமக்கு வரும்போது, அவற்றை ஒரே நாளில் காலிசெய்துவிடும் அவசரம் வேண்டா. படிக்கத் தெரியாத நூலைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டும்வரை அது வீட்டிலேயே இருக்கட்டும். அதற்கு ஆகும் இடம் ஒரு முழம். ஆகும் செலவு ஒன்றுமில்லை.