டூரிங் கட்டுரையில் ஒரு கூட்டற்பிழை

கணிப்பொறி எண்ணுமோ எனும் வினா எழும் இடமெல்லாம் ஆலன் டூரிங்கின் பெயரும் எழுகின்றது. மான்செசுட்டர்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்து, 1950 அக்டோபரில், ‘மைண்டு’ என்னும் மெய்யியல் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரையே அதற்குக் காரணம். அக் கட்டுரையைப் பற்றிப் பேசுவோர் பலர், படித்தோர் சிலர், சொல்தோறும் நின்று படித்தோர் அவரினும் சிலர். கணிதத்தார்க்கும் மெய்யியலார்க்கும் உரிய ஒன்றனைத் தமிழ்த்துறையினேம் ஆராயப் புகுதல் என்னை எனின், முன்பின் நோக்கிப் பொருள் கோடலும், ஏட்டின் பிழை யாது, ஆசிரியன் கருத்து யாது எனத் துணிதலும் எமக்குப் பழகிய தொழில்கள் ஆதலின் என்க. அக் கட்டுரையை இன்று இரு கட்சியாரும் மூலநூல் போல முன்வைத்து வழக்காடுகின்றனர். மூலநூலாயின் அதனை அவ்வாறே படித்தல் வேண்டும்.

பொறி எண்ணுமோ என்று கேட்பதில் பயனில்லை எனக் கொண்ட டூரிங், அதற்கு ஈடாக ஒரு விளையாட்டை வைக்கின்றார். ஓர் ஆடவரும் ஒரு பெண்ணும் ஓரிடத்தில் இருப்பர். வினவுவோர் வேறோர் அறையில் இருப்பர். குரலோ கையெழுத்தோ காட்டிக்கொடாதபடி விடைகள் தட்டச்சில் வரும். இருவருள் பெண் யார் எனக் காண்பது வினவுவோர் கடன். ஆடவர் அவரை மயக்க முயல்வார். பெண் அவர்க்கு உதவ முயல்வார். இனி, ஆடவர் இருந்த இடத்தில் பொறியை வைத்தால், முன்பு போலவே வினவுவோர் அத்தனை முறை தவறுவரோ என்பதே புதிய வினா. ஐந்தாம் பகுதியிலோ பெண் இருந்த இடத்தில் ஆடவர் ஒருவர் இருப்பதாகக் கூறப்படுகின்றது. ஆடவரையும் மாந்தரையும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லே குறிப்பதால், பொறி பெண்ணாக நடித்தல் வேண்டுமோ, பொதுவாக மாந்தராக நடித்தல் வேண்டுமோ என்னும் ஐயம் பிறக்கின்றது. பிற்காலத்தார் பெரும்பாலும் பின்னதையே கொண்டனர். கட்டுரையின் போக்கிற்கு அதுவே பொருந்தும் என்பது எம் கருத்து. ஆயினும் முதல் வடிவத்தை மறத்தல் தகாது. இவ்வாட்டத்தின் உயிர் மயக்குதலே என்பது அவ்வடிவத்திற்றான் வெளிப்படையாகத் தெரிகின்றது.

இரண்டாம் பகுதியில் எடுத்துக்காட்டாகச் சிறு உரையாடல் ஒன்று வருகின்றது. ஃபோர்த்துப் பாலத்தைப் பற்றிப் பதினான்கடிப் பாட்டு ஒன்று எழுதுமாறு கேட்டபோது, தமக்குப் பாட்டு வாராது என விடையிறுப்போர் விலகிக்கொள்கின்றார். சதுரங்கத்தில் ஒரு நிலையைச் சொல்லிக் காய் நகர்த்தக் கேட்டபோது, 15 நொடி தாழ்த்துச் சரியான விடை தருகின்றார். இவ்விரண்டற்கும் இடையே ஒரு கூட்டற்கணக்கு. 34957 உடன் 70764 ஐக் கூட்டச் சொல்ல, ஏறத்தாழ 30 நொடி கழித்து 105621 என்று விடை வருகின்றது. படிப்போர் பலரும் கணக்கைப் போட்டுப் பாராமலே இவ்விடத்தைக் கடந்துவிடுகின்றனர். யாமும் முதன்முறை அவ்வாறே கடந்தோம். கூட்டிப் பார்ப்பின் வருவது 105721. அச்சேறிய விடையில் நூறு குறைகின்றது.

இஃது அச்சுப்பிழை எனக் கொள்ளுதல் எளிது. ஏடு பெயர்த்தெழுதுவோர் செய்த பிழைகளைக் கண்டு பழகிய எமக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. ஆயின் பிழை நிகழ்ந்த இடத்தை நோக்குக. ஒன்றாம் இடத்தில் ஏழும் நான்கும் பதினொன்று. ஒன்றை இட்டு ஒன்றை ஏற்றுகின்றோம். பத்தாம் இடத்தில் ஐந்தும் ஆறும் ஏறிய ஒன்றும் பன்னிரண்டு; இரண்டை இட்டு ஒன்றை ஏற்றுகின்றோம். நூறாம் இடத்தில் ஒன்பதும் ஏழும் பதினாறு. ஏறிய ஒன்றைச் சேர்க்கப் பதினேழு. அச்சேறிய விடையில் அவ்விடத்து நிற்பது ஆறு. அஃதாவது, ஏறிய ஒன்று விடுபட்டது. தொடக்கப்பள்ளிச் சிறுவனும், நாட்கணக்கு முடிக்கும் கடைக்கணக்கரும் வழுவுவது இவ்விடத்தேதான். அச்சுக் கோப்போர் கை தவறியிருப்பின் அவ்விடத்து எவ்வெண்ணும் விழுந்திருக்கலாம். ஆறு இடங்களுள் வேறெதுவும் கெட்டிருக்கலாம். மறந்த ஒன்றனையே காட்டும் எண் தற்செயலாக விழுந்தது எனல் வலிந்து கோடலாம்.

அகச்சான்று வேறும் உண்டு. அதே பகுதியில், மாந்தர் பொறியாக நடிக்கப் புகுந்தால் கணக்கில் காட்டும் மெதுவும் தவறுமே அவரை உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்கின்றார் டூரிங். அரை நிமிடத் தாழ்வு மெதுவு. நூறு குறைந்தமை தவறு. உரையாடல் இரண்டையும் கொண்டுள்ளது. பின்னர் ஆறாம் பகுதியில், பொறி பிழை செய்யாது என்பார்க்கு மறுப்புக் கூறுமிடத்து, இவ்விளையாட்டிற்கென அமைக்கப்பட்ட பொறி வினவுவோரை மயக்கும் வகையில் வேண்டுமென்றே தவறுகளை இடும் என்று வெளிப்படையாகவே சொல்லுகின்றார். முன்னர்க் குறிப்பால் வைத்ததனைப் பின்னர்க் கிளந்து கூறினார் என்க. விடையிறுப்போர் மாந்தரோ பொறியோ என்பதனை உரையாடலில் எங்கும் அவர் கூறாமையும் நோக்கத்தக்கது. மாந்தராயின் அது பிழை. பொறியாயின் அது வேடம். அதனைப் பிரித்தறிய இயலாமையே ஆட்டம்.

இத்துணை நுணுக்கமாக ஒரு கூட்டலை ஆராய்வது எற்றுக்கு எனின், இன்றைய வழக்கு முழுதும் இதன்மேல் நிற்கின்றது. தேர்வு என்றால் வல்லமையைக் காட்டுதல் என்றே நாம் கொள்கின்றோம். டூரிங் வைத்த தேர்விலோ பொறி தன் வல்லமையை மறைத்தல் வேண்டும். 2014 சூனில் இலண்டன் அரசக் கழகத்தில் நிகழ்ந்த போட்டியில், யூஜின் கூஸ்ட்மன் என்னும் நிரல் நடுவருள் 33 விழுக்காட்டினரை ஏமாற்றியதாக அறிவிக்கப்பட்டது. அது பூண்ட வேடம் 13 அகவை உக்ரைனியச் சிறுவன். ஆங்கிலம் தடுமாறினும், பொது அறிவு குறையினும், சிறுவன்தானே என நடுவர் பொறுத்துக்கொள்வர் அன்றோ? இதிற் படிப்புப் பிழை ஒன்றும் உண்டு. 50 ஆண்டுகளில், 5 நிமிட வினாவிற்குப் பின், வினவுவோர் சரியாகக் காணும் வாய்ப்பு 70 விழுக்காட்டிற்கு மேற்படாது என டூரிங் எழுதியது வருவது உரைத்தல். வெற்றிக்குரிய எல்லை அன்று. அவ்வெண்ணைத் திருப்பி 30 விழுக்காடு என எல்லை கோலியது மூலத்தில் இல்லாத ஒன்று.

2025 இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு இதனினும் மூலத்தை நெருங்கியது. மூவர் ஆடும் முறையே அங்குக் கைக்கொள்ளப்பட்டது. ஜி.பி.டி-4.5 என்னும் மொழிப்பொறியை வினவுவோர் 73 விழுக்காடு மாந்தர் எனத் துணிந்தனர். ஆனால் இன்ன இயல்புடைய இளையராக நடிக்குக என முன்கூட்டி விரிவாகப் பணித்தபோதே அவ்வெண் கிட்டியது. அப் பணிப்பு இல்லாதபோது கிட்டியது 36. பொறி எண்ணுகின்றது என்பார் முன்னைய எண்ணையும், இல்லை என்பார் பின்னைய எண்ணையும் எடுத்து ஓதுவர். எம் ஐயம் வேறு. வேடம் யாருடையது? மாந்தர் எங்கே ஒன்றை ஏற்ற மறப்பர் என அறிந்து மறைத்தல் சிறிய அறிவு அன்று. பிறர் உள்ளத்தை உட்புகுந்து அறிந்தார்க்கே அது கூடும். ஆயின் 2014 இன் சிறுவனையும் 2025 இன் இளையரையும் படைத்தோர் மாந்தரே. டூரிங்கும் ஆறாம் பகுதியில் ‘பொறி’ என்று வாளா கூறாது, இவ்விளையாட்டிற்கென அமைக்கப்பட்டது என அடைகொடுத்தே கூறினார். அவ்வடை மறைக்கும் அறிவை அமைத்தோர்பால் சேர்க்கின்றதோ, பொறியின்பால் சேர்க்கின்றதோ என்பதனை அவர் விளக்கினாரல்லர். கட்டுரையின் மெய்யான குறை இதுவே என்போம். தொலைவிலுணர்தலை மெய்யெனக் கொண்டு அதற்கெனத் தனியறை தேடும் ஒன்பதாம் தடையைப் பலர் எள்ளுவர், அது சிறு குறையே.

அற்றேல், இக்கட்டுரையிற் காணும் வழுவெல்லாம் வேண்டுமென்றே இட்டவையோ எனின், அன்று. எட்டாம் தடையை நோக்குக. வரையறுத்த நெறிகளால் வாழ்பவர் எவரும் பொறியே. மாந்தர்க்கு அத்தகைய நெறிகள் இல்லை. ஆகலின் மாந்தர் பொறி அல்லர் என்பது தடை. இதனைக் குற்றமுடைத்து என டூரிங் தள்ளியது சரியே; நடத்தை நெறி வேறு, இயற்கை விதி வேறு என அவர் பிரித்துக் காட்டியதும் நன்று. ஆயின் அக் குற்றத்திற்கு அவர் இட்ட பெயர், நடுப்பதம் முழுதும் கொள்ளப்படாமை என மேலை அளவையார் கூறுவது. அது பொருந்தாது. நெறியால் வாழ்பவர் எவரும் என்ற அளவிலேயே நடுப்பதம் முழுதும் கொள்ளப்பட்டுவிட்டது. வழு நிகழ்ந்தது பொறி என்னும் பதத்தில்.

இவ் வழுவிற்கு உரிய பெயர் தமிழ்நூலில் உண்டு. மணிமேகலையின் 29 ஆம் காதையில் அறவண அடிகள் எடுத்துக்காட்டின் போலிகளை வகுத்துரைக்குமிடத்து விபரீத வெதிரேகம் என ஒன்று வருகின்றது. சாத்தியம் இல்லாவழிச் சாதனம் இல்லை என்னாது, மாற்றிச் சாதனம் இல்லாவழிச் சாத்தியம் இல்லை என்றல் அது. புகை உள்ளவழி நெருப்பு உண்டு. ஆகவே நெருப்பு இல்லாவழிப் புகை இல்லை எனலாம். புகை இல்லாவழி நெருப்பு இல்லை எனின், பழுக்கக் காய்ந்த இரும்பைத் தொட்டவன் சிரிப்பான். நெறி இல்லாவழிப் பொறித்தன்மை இல்லை என்ற வாதமும் இவ்வகையினதே. அளவை நூலை விருப்பப் பாடமாகக் கொண்டு படிப்பார்க்கு இவ் ஒப்பீடு பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதினோம்.

இக் கட்டுரையைத் தமிழிற் பெயர்க்கப் புகுவார்க்கு ஒரு வேண்டுகோள். எட்டாம் தடையில் அளவைப் பெயரைப் பற்றி அடிக்குறிப்பு எழுதுதல் தகும். இரண்டாம் பகுதியிலுள்ள 105621 என்னும் எண்ணையோ திருத்தாமலும், குறிப்பு எழுதாமலும், உள்ளவாறே விட்டுவிடுதல் வேண்டும்.