ஒரு கட்டை இறக்கம்

“குரல் போய்விட்டது.” கொஞ்ச நாளாகவே ஆஸ்திரேலியக் கன்ட்ரி இசை ரசிகர்கள் அந்தப் பாடகியைப் பற்றி இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. கோல்டன் கிட்டார் விருது மேடை ஏறி இறங்கியவர், சொந்தமாக எழுதிப் பாடுபவர் என்றாலே யார் என்று தெரிந்துவிடும். எத்தனை விருது, எந்தெந்த ஆண்டு என்ற கணக்கும் உங்களுக்கு மனப்பாடம். அதை விட்டுவிடுவோம். கிட்டாரின் சுருதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போவை அவர் எங்கே மாட்டுகிறார் என்பதை மட்டும் பார்ப்போம்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த அந்தப் பாட்டை முன்பெல்லாம் நான்காவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டுத்தான் பாடுவார். விரல்கள் ஜி கார்டில் இருக்கும். கேட்பது பி, அதாவது ஏழு கட்டை. இப்போது கேப்போ இரண்டாவது ஃப்ரெட்டுக்கு வந்துவிட்டது. விரல்கள் அதே இடத்தில்தான், சுருதி மட்டும் ஆறு கட்டை. அந்த ஒரு கட்டையைத்தான் ‘வயதாகிவிட்டது’ என்று படிக்கிறார்கள். படிப்பது தவறு.

இதற்கு ஆதாரமும் அவர் பாடும் மேடையிலேயே இருக்கிறது. இளம் பாடகர் ஒருவரைத் தன்னோடு பாட அழைக்கிறார். அந்த இளையவரின் பாட்டுக்கு மேல்குரல் கொடுக்கும்போது, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, தன் பழைய பாட்டின் உச்ச சுரத்தையே மெதுவாகத் தொட்டுவிட்டு வருகிறார். கழுத்து நரம்பு புடைக்கவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை. சத்தம் போட்டு உச்சத்தைப் பிடிப்பதைவிட அடக்கிப் பிடிப்பது கடினம் என்பது பாடியவர்களுக்குத் தெரியும். குரல் போனவரால் இது நடக்காது.

பிறகு ஏன் இறக்கினார்? வார்த்தைக்காக. கன்ட்ரி பாட்டில் கதை சரணத்தில் நடக்கிறது. பல்லவி மூன்று முறையும் அதே வரிதான். ஆனால் மூன்றாம் சரணம் முடிந்து வரும்போது அந்த வரிக்கு வேறு பொருள் வந்திருக்க வேண்டும். நல்ல பாட்டுக்கும் சாதாரணப் பாட்டுக்கும் வித்தியாசம் அங்கேதான். ஏழு கட்டையில் பாடியபோது பல்லவி வானத்தில் நின்றது. கூட்டம் அதற்காகவே காத்திருந்து கை தட்டியது. நடுவில், இரண்டாம் சரணத்தில், அப்பா பண்ணையை விற்றுவிட்டுச் சாவியை மேசைமேல் வைப்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

இன்னொன்றும் உண்டு. குரல் மேலே போகப் போக வாய் அகலத் திறக்கிறது, உயிரெழுத்துகள் எல்லாம் ‘ஆ’வின் சாயலுக்கு வந்துவிடுகின்றன. அங்கே யார் பாடினாலும் நாஷ்வில்காரர் மாதிரிதான் கேட்கும். ஆறு கட்டைக்கு வந்ததும் சரணங்கள் அவர் பேசும் குரலின் எல்லைக்குள் விழுகின்றன. சொந்த ஊர்ப் பேச்சு, அந்த இழுவை, வாக்கியத்தின் முடிவை விழுங்கிவிடும் பழக்கம் எல்லாம் பாட்டுக்குள் திரும்பி வந்திருக்கின்றன. அமெரிக்க உச்சரிப்பா, நம் உச்சரிப்பா என்று ஆஸ்திரேலியாவில் நெடுங்காலமாக நடக்கும் வாதத்துக்கு அவர் இரண்டு ஃப்ரெட்டில் பதில் சொல்லியிருக்கிறார். எனக்கு இது விருதுகளைவிடப் பெரிய காரியம்.

ரசிகர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. ஆஸ்திரேலியக் கன்ட்ரி இசை விழா நடக்கும் டாம்வொர்த்தே உயரத்துக்குப் பழகிய ஊர். ஊர் வாசலில் நிற்கும் தங்க கிட்டாரே 12 மீட்டர். ஜனவரி வெயிலில் பத்து நாள் விழாவில், பீல் தெரு முழுக்கப் பத்தடிக்கு ஒருவர் ஆம்ப்ளிஃபயரோடு நிற்கும்போது உரக்கப் பாடுபவரிடம்தான் கூட்டம் நிற்கும். 1979 முதல் நடக்கும் ஸ்டார்மேக்கர் போட்டியிலும் புதியவர் தன்னைக் காட்ட ஓரிரு பாட்டுதான் கிடைக்கும். உச்சத்தைக் காட்டாமல் என்ன செய்வார்? கடைசிப் பல்லவியில் அரைக் கட்டை ஏற்றுவதும் அதற்கு ஒரு வழி. இவரும் ஏற்றியவர்தான். இப்போது அந்த இடத்தில் வலது கையைத் தந்திகள்மேல் வைத்து அமுக்குகிறார். டிரம்ஸ் நிற்கிறது, பேஸ் நிற்கிறது. கடைசிப் பல்லவியின் கடைசி வரி வெறும் குரலில், கிட்டத்தட்டப் பேச்சாக வருகிறது. கை தட்டக் கை தூக்கியவர்கள் அப்படியே நிற்கிறார்கள். அந்த மௌனத்தைத்தான் ‘பாட்டு எடுபடவில்லை’ என்று எழுதினார்கள்.

இனி என்ன நடக்கும்? என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆல்பத்தில் டிரம்ஸ் பாதிப் பாட்டுகளில் இருக்காது. வானொலிக்காரர்கள் முதல் மாதம் தயங்குவார்கள். சிறந்த பாடகி விருது அவரைவிட உரக்கப் பாடும் ஒருவருக்குப் போகும். ஆண்டின் சிறந்த பாடல் இவருக்கு வரும். நாட்டுப்புறக் கதைப் பாட்டுகளுக்கான புஷ் பாலட் விருதுப் பிரிவுப் பக்கமும் அவர் நகர்வார், அந்தக் குரலுக்கு இப்போது அதுதான் வீடு. மூன்று வருடத்தில் ஸ்டார்மேக்கர் மேடையில் இருபது வயதுப் பிள்ளைகள் கடைசிப் பல்லவியில் தந்தியை அமுக்குவார்கள். அவர்களில் பாதிப்பேர் ஏன் என்று தெரியாமல் செய்வார்கள். பரவாயில்லை, அவரும் முதலில் யாரையோ பார்த்துத்தான் அரைக் கட்டை ஏற்றினார்.

மறுபடி ஏழு கட்டைக்குத் திரும்ப மாட்டார். ஒரு இரவு, கூட்டம் கேட்டதற்காகத் திரும்பினாலும், அடுத்த ஊரில் கேப்போ இரண்டில்தான் இருக்கும்.

அடுத்த முறை அந்தப் பாட்டு வரும்போது பல்லவிக்காகக் காத்திருக்காதீர்கள். இரண்டாம் சரணத்தைக் கேளுங்கள். சாவி மேசையில் விழுவது இப்போது காதில் விழுகிறது.