நாத்தான் கூறிய கதை

அணி என்னும் சொல்லுக்கு நகை என்ற பொருளும் உண்டு. இதனால் விளைந்த தீமை சிறிதன்று. உவமையும் உருவகமும் கருத்தின்மேல் பூட்டப்பெறும் அணிகலன்கள், வேண்டாதபோது கழற்றி வைக்கத்தக்கவை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அருளுரையாற்றுவோரிடம் இவ்வெண்ணம் மிகுதி. கதையைக் கூறி முடித்தவுடன் ஒவ்வோர் உறுப்புக்கும் பொருள் பகர்ந்து, கதையைக் கைவிட்டுவிடுகின்றனர். இம்முறை எத்துணை பொருந்தும் என்பதை 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தைக் கொண்டு ஆராயலாம்.

செல்வன் ஒருவன் தன் மந்தையில் கைவைக்க மனமின்றி, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து, வழிப்போக்கனுக்கு விருந்தாக்குகிறான். செல்வன் தாவீது, ஏழை உரியா, குட்டி பத்சேபாள் என்று உடனே ஒப்பிட்டுவிடுகிறோம். ஆனால் கதையில் கொல்லப்படுவது குட்டி. நிகழ்ச்சியில் மாண்டவனோ உரியா. வழிப்போக்கன் யார்? யூத மறைவல்லார் அவனைத் தீய இச்சை என்றனர். கூரிய விளக்கமே, எனினும் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த அரசனுக்கு அது தோன்றியிராது. தோன்றாமலிருப்பதே நாத்தானுக்கு வேண்டியது. முற்றும் பொருந்தும் கதையாயின், தாவீது பாதியிலேயே தன்னை அடையாளங்கண்டு, தற்காப்பில் இறங்கியிருப்பான்.

பொருந்தாமையைப் போலவே பொருத்தமும் மறைவாகவே அமைந்துள்ளது. குட்டி ஏழையின் உணவை உண்டு, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்தது. முந்திய அதிகாரத்தில் உரியா, தன் தோழர் பாளயத்தில் கிடக்கையில், தான் வீடு சென்று உண்ணவும் குடிக்கவும் மனைவியோடு படுக்கவும் மறுத்தான். எபிரேயத்தில் அதே மூன்று வினைகள். குட்டி அவனுக்கு மகளைப் போன்றிருந்ததாம்; மகளைக் குறிக்கும் 'பத்' என்னும் சொல்லே பத்சேபாளின் பெயருக்கு முதலுறுப்பு.

அரசன் வெகுண்டு தீர்ப்பளிக்கிறான். ஆடு திருடியவன் நான்கு ஆடுகள் ஈடு செய்யவேண்டும் என்பது யாத்திராகமம் 22இல் உள்ள சட்டம். தாவீதும் நான்கு மடங்கே கேட்கிறான். அத்துடன் அவன் சாவுக்குரியவன் என்றும் கூறுகிறான். ஆட்டுத் திருட்டுக்கு அச்சட்டம் சாவை விதிக்கவில்லை. விபசாரத்துக்கும் கொலைக்கும் விதிக்கிறது. தன் குற்றத்துக்குரிய தண்டனையை அறியாமலே அவன் வாய் மொழிந்துவிட்டது! நேரடிக் கண்டனம் எதுவும் இதைச் செய்திராது.

தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என உவமத்துக்கு நான்கு அடிப்படைகளை வகுத்தார்; அகப்பாடலுக்கென உள்ளுறை உவமத்தையும் கூறினார். அதில் நிலத்து உயிர்களின் செயல் மட்டுமே சொல்லப்படும். குறித்த பொருளைக் கேட்போர் உய்த்துணர வேண்டும். நாத்தான் பொருளை வெளிப்படையாகவே உரைக்கிறான். ஆனால் தீர்ப்பு வெளிவந்த பின்னரே உரைக்கிறான். நம் அருளுரைகள் பிழைபடுவது இவ்வரிசையில்தான். கேட்போர் தீர்ப்பளிக்கும் முன்பே நாம் பொருளுரைத்துவிடுகிறோம்.

ஏசாயா 5இல் வரும் திராட்சத்தோட்டப் பாட்டும் இவ்வகையினதே. அங்கும் எருசலேமின் குடிகளே நடுவராக அழைக்கப்படுகின்றனர். தோட்டம் அவர்களே என்பது பின்னரே வெளியாகிறது. முடிவில் தீர்க்கன் மிஷ்பாத் என்னும் நியாயத்தை எதிர்பார்த்த இடத்தில் மிஸ்பாக் என்னும் கொடுமையையும், செதாக்கா என்னும் நீதிக்குப் பதிலாகச் செஆக்கா என்னும் கூக்குரலையும் வைக்கிறான். நற்கனி போலவே தோன்றும் கசப்புக் கனியைச் செவியே சுவைக்கிறது. தமிழ்ப் பெயர்ப்பில் பொருள் வந்தது, ஓசை வரவில்லை. எபிரேயம் பயின்ற மாணவர் அந்நான்கு சொற்களையேனும் சபையார் கேட்க ஒலித்துக் காட்டலாம்.